இரண்டு தலைவர்களும் ஒரு முட்டுக்கட்டையும்

ஒரு காலத்திலே செண்பகநல்லூரை ரத்னசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசுதான். ஆனால் ஓரிடத்தில் கால் நிற்காது, அத்தனை அவசரம். யார் எதைச் சொன்னாலும் அன்றைக்கே சட்டமாக்கிவிடுவார்.

மந்திரி வேதமூர்த்தியைக் கண்டாலே பராங்குசர் என்ற அவை அதிகாரிக்கு ஆகாது. அவர் ஒருநாள், "மகாராஜா, மந்திரி ஏற்பாட்டில் ஒரு வேலையாளுக்கு ஒரே தலைவர். அதனால்தான் சோம்பல். தச்சு, சமையல் என்று தொழிலுக்கு ஒருவர், திருவிழா போல எடுத்த காரியத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேரை வையுங்கள்" என்றார். உடனே முரசு அறைந்தாயிற்று. தேரோட்டத்துக்குப் பராங்குசரே தலைவர்.

திருவிழாவும் வந்தது. தேர் நிலைக்குத் திரும்பும்வரை ராஜா வாயில் பச்சைத் தண்ணீர் படாது. அப்படி ஒரு விரதம். விடியலில் கிளம்பிய தேரோ, உச்சிப்பொழுதாகியும் மேலவீதி முக்கிலேயே நின்றது. அம்மன் அந்த வெயிலில்!

சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன் மாடக்கண்ணு. "போடுடா, அச்சு முறியும்!" என்றார் தச்சர் தலைவர். "எடுடா, நேரமாகுது!" என்றார் பராங்குசர். போட்டான், எடுத்தான், போட்டான். தேர் ஒரு முழம்கூட நகரவில்லை.

"எல்லாம் இவனால்தான்" என்று பராங்குசர் அரண்மனைக்கு ஓடிப்போய்ச் சொன்னார். பசியில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த ராஜா, "பொழுது சாய்வதற்குள் அவன் கையை வெட்டுங்கள்!" என்று கத்தினார்.

"ஆகட்டும் மகாராஜா. அதற்கு முன்னால் ஒருதரம் நேரில் பார்த்துவிடுங்கள். பல்லக்குத் தயார்" என்றார் மந்திரி.

ராஜா ஏறிப் பல்லக்கு எழுந்ததும், பக்கத்தில் வந்த ஒருவர், "மெதுவா!" என்றார். இன்னொருவர், "ஓடுங்க!" என்றார். முன்னால் தூக்கியவர்கள் ஓட, பின்னால் தூக்கியவர்கள் நிற்க, ராஜாவின் கிரீடம் மூக்குவரை இறங்கியது.

"மடையர்களா! யார் சொல்படி நடக்கிறீர்கள்?"

"அது தெரிஞ்சா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போமே சாமி!"

"யார் செய்த ஏற்பாடு இது?"

மந்திரி கைகட்டிச் சொன்னார்: "தங்கள் சட்டம்தான் மகாராஜா. பல்லக்கை மட்டும் விட்டுவைத்திருந்தேன். இன்று அதற்கும் இரண்டு தலைவர்களை வைத்துச் சரிசெய்துவிட்டேன். இவர்கள் கையையும் வெட்டச் சொல்லட்டுமா?"

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, நடந்தே மேலவீதிக்குப் போய்ச் சொன்னார்:

"தலைவர்கள் இரண்டு பேரும் வடம் பிடிக்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தேர் நகர்ந்தபின் சக்கரத்தடியில் நிற்கிறவன் சொல்தான் சொல். பராங்குசரே, இன்று கட்டை உம் கையில். மாடக்கண்ணு சொல்லுவான், நீர் போடும்."

மாடக்கண்ணு தயங்கித் தயங்கி, "கொஞ்சம் சாய்ச்சுப் போடுங்க ஐயா. கால் பத்திரம்" என்றான். பராங்குசர் தலைகுனிந்து போட்டார். அம்மன் புண்ணியம், விளக்கு வைக்கும் முன் தேர் நிலைக்கு வந்தது.

தோளில் கிடந்த பட்டுச் சால்வையை மாடக்கண்ணுக்குப் போர்த்திவிட்டு, ராஜா அவசரமாக இலைமுன் உட்கார்ந்தார். சமையல் தலைவரும் வைத்தியரும் பரிமாற ஆளுக்கொரு கரண்டியோடு வந்து நின்றார்கள்.

"ஐயோ, யாராவது ஒருத்தர் போதும்!" என்றார் ராஜா.