மழைப்பானையும் ஐப்பசி அறிக்கையும்

பூசணிநாட்டில் முட்டாள்களுக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அங்கே வானிலைக் கச்சேரி என்ற அரசு அலுவலகத்தின் தலைவர் கொழுந்துவேலு. "நானும் முட்டாள்தான், ஆனால் என் ஆட்களைவிட அரைப்படி குறைச்சல்" என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஐப்பசி பிறக்குமுன் ராணியிடமிருந்து உத்தரவு வந்தது. மாதம் முழுவதும் எந்தச் சீமையில் எவ்வளவு மழை என்று எழுதித் தர வேண்டும். மழை மிகுந்த சீமைக்கு அரண்மனை ஓடங்கள் போகும். காய்ந்த சீமைக்குத் தண்ணீர் வண்டிகள் போகும்.

கொழுந்துவேலுவுக்குக் கவலை. அவர் மனைவி பவளக்கொடி இருப்பது கடற்கரைச் சீமையில். ஐப்பசியில் அங்கே வீட்டுக்குள் மீன் வரும்.

கடற்கரைக்கு நல்லதம்பி, மேட்டுச்சீமைக்கு வேலாண்டி என்று ஆளுக்கொரு பானை கொடுத்தார். "வெட்டவெளியில வையுங்க. தினமும் காலையில விரலை விட்டு அளந்து எழுதுங்க. பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கணும், தெரிஞ்சுதா?"

காற்றைப் பார்க்கச் சின்னப்பா. "கொடியை யார் வந்தாலும் நகராத இடமாப் பார்த்துக் கட்டு" என்றார்.

மாதம் முடிந்து மூவரும் திரும்பினார்கள். நல்லதம்பிக்குக் கடும் சளி.

"கடற்கரையில மழையே இல்லைங்க. முப்பது நாளும் பானை காய்ஞ்சு கிடந்துது" என்று தும்மினான்.

"மேட்டுச்சீமையில தினமும் பானை நிறைய தண்ணிங்க" என்றான் வேலாண்டி.

சின்னப்பாவின் அறிக்கை நீளமானது. 'காலையில் காற்று வைக்கோல்போரை நோக்கி அடித்தது. நடுப்பகலில் குட்டையை நோக்கி. பதினேழாம் தேதி பக்கத்து வீட்டுப் பசுவை நோக்கிப் பலமாக அடித்தது.'

"கொடியை எதுல கட்டின?"

"எங்க காளை கொம்புலதான். யார் அடிச்சாலும் நகராதுங்க அது."

கொழுந்துவேலு திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பவளக்கொடியின் கடிதம் வந்தது. 'இடுப்பளவு தண்ணீர். நானும் ஆடும் பரண்மேல் இருக்கிறோம். உடனே ஓடம் அனுப்பவும்.' தாள் சொதசொதவென்று இருந்தது.

"கடுதாசி நனைஞ்சிருக்கேடா!"

"அழுதுகிட்டே எழுதியிருப்பாங்கண்ணே" என்றான் நல்லதம்பி.

"இவ்வளவுமா?"

"ஆடும் சேர்ந்து அழுதிருக்கும்" என்றான் வேலாண்டி.

கொழுந்துவேலு நெடுநேரம் யோசித்தார். மனைவி கோபத்தில் ஒன்றைப் பத்தாகச் சொல்வாள். பானைக்குக் கோபம் வராது. அறிக்கை அப்படியே ராணிக்குப் போயிற்று. மேட்டுச்சீமைக்கு ஓடங்கள் போயின. கடற்கரைக்குப் பீப்பாய் ஏற்றிய நாற்பது தண்ணீர் வண்டிகள் போயின.

மூன்றாம் நாள் கச்சேரி வாசலில் பவளக்கொடி வந்து நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கக்கத்தில் ஆடு.

"எப்படி வந்தே?" என்றார் கொழுந்துவேலு.

"நீங்க அனுப்பின பீப்பாய்த் தண்ணியக் கவிழ்த்துட்டு, காலிப் பீப்பாயில உக்காந்து மிதந்து வந்தேன். ஊரே அப்படித்தான் கரையேறிச்சு. ஏய்யா, மழை கொட்டுற ஊருக்கா தண்ணி அனுப்புவீங்க?"

"பானை காய்ஞ்சு கிடந்துதே!"

"ஏன் காயாது? இந்த மகராசன் மாசம் பூரா அதுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நின்னானே!"

"பெத்த பிள்ளையை எவனாவது மழையில நனைய விடுவானா அக்கா?" என்றான் நல்லதம்பி.

வேலாண்டி தலையைச் சொறிந்தான். "நான் கிணத்துத் தண்ணியத் தினமும் ஊத்தினேன். பிள்ளைக்குத் தாகம் எடுக்கும்ல? கண்ணு படாம இருக்க மைப்பொட்டும் வச்சேன்."

பவளக்கொடி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அறிக்கை ஒண்ணு சொல்லுது, மழை வேற ஒண்ணு செய்யுது. உருப்படுமா?"

கொழுந்துவேலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. "உண்மைதான். அறிக்கையில என்ன இருக்குன்னு பாவம், மழைக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த மாதம் தவறு நேரவில்லை. மார்கழி பிறக்குமுன்பே அறிக்கையை எழுதி முடித்தார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதி, பானைக்குப் பக்கத்தில் பலகையில் ஒட்டினார்கள். மழை படித்துப் பார்த்துப் பெய்துகொள்ளும்.

கடற்கரையில் நல்லதம்பி இன்னும் பொறுப்பாக இருந்தான். எழுத்து அழிந்துவிடக் கூடாதே என்று, பலகைக்கும் ஒரு குடை பிடித்தான்.