புலியின் கண்ணைத் திறந்த கை

கருங்குன்றக் கோட்டை விழுந்த அன்று, பிணத்தை மிதிக்காமல் வாசலைத் தாண்ட வழியில்லை. அந்தப் பிணங்களில் ஒன்று கொற்றியின் கணவன். கொற்றி மணிக்கற்களில் சிறு உருவங்கள் செதுக்குகிறவள். அவள் அழுது முடிப்பதற்குள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து, வென்ற அரசன் விடங்கன் முன்னால் தள்ளினார்கள்.

விடங்கன் கையில் நெல்லிக்காய் அளவில் ஒரு மரகதம் இருந்தது. தோற்ற அரசனின் மகுடத்தில் பதித்திருந்த கல். மகுடத்தைக் கழற்றப் பொறுமையில்லாத தளபதி வேழன், தலையோடு சேர்த்துக் கோடரியால் பிளந்து எடுத்துவந்தது.

"இதுல எனக்கு ஒரு புலி வேணும்" என்றான் விடங்கன். பிறகு படை முழுவதும் கேட்க, வாள்மேல் சத்தியம் செய்தான். "இந்தக் கல்லை உடைக்கிற கையை வெட்டி எறிவேன். அது என் கையானாலும் சரி!" வெற்றி தலைக்கேறியவன் வேறு எப்படிப் பேசுவான்? படை ஆர்ப்பரித்தது.

கொற்றி கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே மயிரிழையாக ஒரு கீறல். கோடரி விழுந்த இடம். அவள் முகம் மாறியதைக் கவனித்தவன் வேழன் மட்டும்தான். வெளியே வந்ததும் அவள் மகள் பூதியின் கழுத்தில் கோடரியை வைத்தான்.

"வாயத் தொறந்தே, இந்தக் கழுத்து இருக்காது."

அவள் வாய் திறக்கவில்லை. வேலையைத் தொடங்கினாள். கல் குடைகிற கருவி ஒரு சிறு வில். அதை இழுத்தால், நாணில் சுற்றிய வைரமுனை ஊசி சுழன்று கல்லைக் குடையும். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் எண்ணெய் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊசி சூடேறிக் கல்லைப் பிளந்துவிடும். கொற்றி எண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. புலியின் வரிகள் பலமுறை கீறலைக் கடந்தும் கல் தாங்கியது. வலக்கண் மட்டும் கீறலின் மேலேயே அமைந்தது.

கண் திறப்பதுதான் கடைசி வேலை. அந்தத் தொழிலின் வழக்கப்படி, அதற்கு முதல் இழுப்பைக் கல்லுக்கு உடையவன் இழுக்க வேண்டும். செதுக்கியவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. படை கூடியது. விடங்கன் புலியைப் பார்த்து மலைத்துப்போய் வில்லைக் கையில் எடுத்தான்.

"உன் புருஷன் எங்க? அவனும் வந்து பார்க்கலாமே."

"வாசல்ல கிடந்தாரு, ஐயா. உங்க யானை மிதிச்சிட்டுப் போச்சு."

விடங்கன் வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே வில்லை இழுத்தான். படீரென்று மரகதம் பிளந்து சிதறியது.

கல் பிளந்த பரப்பில் பழுப்பாக ஒரு கறை. பழைய அரசனின் ரத்தம் கீறலுக்குள் இறங்கி உலர்ந்திருந்தது. அது வேழனின் கோடரி செய்த வேலை என்று பார்த்ததுமே விடங்கனுக்குப் புரிந்துவிட்டது. ஒரே வீச்சில் வேழனின் வலக்கையைத் துண்டித்தான்.

வேழன் ரத்தத்தில் புரண்டபடி கத்தினான். "கீறினது நான்தான்! உடைச்சது யாரு? வில்ல இழுத்தது யாரு? உன் சத்தியம் என்ன ஆச்சு?"

படைக்குள் முணுமுணுப்பு எழுந்தது. வாள்கள் உறையை விட்டு வெளியே வந்தன. கொற்றி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தில் எண்ணெய் விளிம்புவரை தளும்பியது.

கேட்டவர்களே, கோடரி பிடித்த கை, வில் இழுத்த கை, கிண்ணம் பிடித்த கை. சத்தியப்படி வெட்ட வேண்டிய கை இந்த மூன்றில் எது?

விடை: கோடரி கல்லைக் கீறியது, உடைக்கவில்லை. கீறலோடுதான் அத்தனை வரிகளையும் கல் தாங்கியது. வில்லை இழுத்தவன் வழக்கம் சொன்னதைச் செய்தான். அன்று நடக்காமல் போனது ஒன்றே ஒன்று: எண்ணெய் ஊற்றுவது. வேழன் கொற்றியின் வாயைத்தான் அடைத்தான், கையை யாரும் பிடிக்கவில்லை. ஆகவே கல்லை உடைத்த கை கொற்றியின் கை. ஆனால் படை அசைந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது. விடங்கனின் கையை அவன் ஆட்களே கட்டையில் வைத்து வெட்டினார்கள். கொற்றி அந்த எண்ணெயை ஒரு சொட்டும் சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், கணவனுக்கு விளக்கேற்றினாள்.