தீவுக்குப் போன பலகை

ஒரு ஊர்ல ஒரு முனீஸ்வரி இருந்தா. கடலோரத்து ஊர். கரையில நின்னா எதிர்ல ஒரு தீவு, அதுல இருக்கற பனைமரம் வரைக்கும் தெரியும். அந்தத் தீவுலதான் அவ அக்கா ராக்காயியைக் கட்டிக் கொடுத்திருந்தாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு, அக்கா ஒரு தடவைகூட ஊர்ப்பக்கம் வரலை. 'ம்' சொல்லு கயலு. நீ சொல்லலைன்னா அத்தை தூங்கிடுவேன்.

"ம்."

இவளாவது போயிருக்கணுமா இல்லையா? போகலை. பெரியவதானே முதல்ல வரணும்னு வீம்பா இருந்துட்டா. அப்புறம் ஒரு நாள் அக்கா நம்மளை மறந்தே போயிட்டாளோன்னு பயம் வந்துருச்சு. சரி, காலைல எட்டு மணிப் படகுல போவோம், அக்காவைப் பாப்போம், சாயங்காலம் நாலு மணிப் படகுல வந்துடுவோம்னு திட்டம் போட்டா. அக்காவுக்குப் பிடிக்கும்னு ஒரு கட்டு முருங்கைக்காயும் எடுத்துக்கிட்டா.

வாசல்ல கால் வெச்சா. அப்போ எதிர்வீட்டு டெய்லர் தலையை நீட்டி, "எங்கம்மா கிளம்பிட்டே?"ன்னு கேட்டுட்டாரு. அவ்வளவுதான். கிளம்பும்போது எங்கன்னு யாராவது கேட்டுட்டா போற காரியம் ஆகாதே. திரும்பி வந்து, பலகையைப் போட்டு உக்காந்து, ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுத்தான் மறுபடி கிளம்பணும். குடிச்சா. மடக் மடக். அதுக்குள்ள அங்க பூ...ம்! படகு போயிருச்சு. முருங்கைக்காயைச் சாம்பார்ல போட்டா.

"ம்."

அப்புறம் ரெண்டாவது திட்டம். முந்தின நாள் சாயங்காலமே வீடு வீடாப் போயி, நாளைக்கு நான் தீவுக்குப் போறேன், காலைல யாரும் கேக்காதீங்கன்னு சொல்லி வெச்சா. மறுநாள் தெருவே வாசல்ல வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. டெய்லர் வாயில துணியே வெச்சிருந்தாரு. இவ சரக் சரக்னு நடந்து படகுத்துறைக்குப் போயிட்டா. அங்க டிக்கெட் குடுக்கறவரு ஜன்னல் வழியா, "எங்கம்மா போகணும்?"னாரு.

அந்தப் படகு அந்தத் தீவைத் தவிர வேற எங்கயும் போகாது. இருந்தாலும் கேக்கணும்னு அவருக்கு உத்தரவு. பூ...ம்! மறுபடியும் சாம்பார்.

"ம்..."

மூணாவது நாள் முனீஸ்வரி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை. ஒரு கையில முருங்கைக்காய், ஒரு கையில செம்புத் தண்ணி, கக்கத்துல பலகை. டெய்லர் கேட்டாரு. தெருவுலயே பலகையைப் போட்டா, டொக். உக்காந்தா, மடக் மடக், எந்திரிச்சா. டிக்கெட்காரர் கேட்டாரு. டொக். மடக் மடக். பின்னாடி வரிசையே நின்னுச்சு, நிக்கட்டுமே. படகேறிட்டா. புட் புட் புட் புட்...

தீவு வந்துச்சு. வந்த படகு உடனே திரும்பும், அதுல ஏற நாலு பேர் நிக்கறாங்க. அதுல ஒருத்தி புதுச்சேலை கட்டி, கையில பையோட நிக்கறா. யாரு? ராக்காயி. முனீஸ்வரிக்கு சந்தோஷம் தாங்கலை. அந்த சந்தோஷத்துல வாய் சும்மா இருக்குமா?

"எங்கக்கா கிளம்பிட்டே?"

அக்கா மூஞ்சி தொங்கிப் போச்சு. திரும்பி விறுவிறுன்னு வீட்டுக்கு நடந்தா. இவ பின்னாடியே ஓடுனா. அக்கா தரையில உக்காந்து ஒரு வாய்த் தண்ணி குடிச்சா. அப்புறம் சொன்னா:

"அஞ்சு வருஷமா உன்னைப் பாக்கத்தான்டி கிளம்பறேன். ஒவ்வொரு தடவையும் எவனாவது கேட்டுடறான். இன்னிக்குத்தான் யாரும் கேக்கலை."

முனீஸ்வரிக்கு அழுகை வந்துருச்சு. அக்கா மறக்கவே இல்ல, இவதான் என்னென்னமோ நினைச்சுட்டா. அழுதுக்கிட்டே அக்கா பக்கத்துல பலகையைப் போட்டு இவளும் உக்காந்தா. அன்னிக்கு மத்தியானம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது முருங்கைக்காய் சாம்பார்.

நாலு மணிப் படகுல முனீஸ்வரி வெறுங்கையோட ஊர் வந்து சேர்ந்தா. பலகையையும் செம்பையும் அக்காகிட்டயே விட்டுட்டு வந்துட்டா.

"அக்கா... வந்தாளா அத்தை?"

அடுத்த வெள்ளிக்கிழமை காலைல வாசல்ல டொக்னு ஒரு சத்தம். எதிர்வீட்டு டெய்லர் யாரையோ என்னமோ கேட்டிருக்காரு.

கதை கரையேறியாச்சு, கண்ணை மூடு. நீ எங்க போறேன்னு அத்தை கேக்க மாட்டேன். போயிட்டு வா.