மரியபுஷ்பத்துக்கு ஆகாத ஊசி

"மேடம், இந்தக் கேஸ் நமக்கு வேண்டாம்."

மயக்கவியல் மாணவன் குணசீலன் வந்த வேகத்தில் சொல்லிவிட்டான்.

பேராசிரியர் ரஹமத் நிஷா நிமிர்ந்தார். "ஏன்?"

"அந்தம்மாவுக்கு நாலு மருந்து அலர்ஜி. எதைப் போட்டா ஆபத்தில்லை? நீங்களே சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதே."

அவனுக்குச் சுருக்கென்றது. ஊரே மெச்சுகிற மயக்க டாக்டர் பேசுகிற பேச்சா இது?

மேடம் ஆபரேஷன் தியேட்டருக்கு நடந்தார்.

மரியபுஷ்பம் மேஜையில் கிடந்தாள். காலில் சீழ். இன்றைக்குச் சுத்தம் பண்ணாவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான்.

"முன்னால என்னம்மா ஆச்சு?"

"போன வருசம் கை முறிஞ்சப்ப மடமடன்னு நாலு ஊசி போட்டாவ டாக்டரம்மா. மூச்சு முட்டிப்போச்சு. நாலும் ஒனக்கு ஆகாதுன்னுட்டாவ."

மேடம் விடப்போவதில்லை என்று தெரிந்துபோயிற்று. அந்த நாலையும் ஒதுக்கிவிட்டு, வேறு மருந்துகளைச் சிரிஞ்சுகளில் ஏற்றினான் குணசீலன். ஆன்டிபயாடிக்கைப் போட்டான். கை வழக்கம்போல அடுத்த சிரிஞ்சுக்குப் போனது.

மேடம் அந்தக் கையைப் பிடித்தார்.

"அலர்ஜி வந்தா முறிக்கிற அட்ரினலினை மட்டும் பக்கத்துல வச்சுக்கோ."

ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எந்த ஊரும்மா உனக்கு?"

"மணப்பாடு."

சர்ஜன் எட்டிப் பார்த்தார். "இன்னுமா மயக்கம் குடுக்கல?"

"டீ குடிச்சிட்டு வாங்க சார்."

குணசீலனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஊசியைப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேச இதென்ன கல்யாண வீடா?

"டாக்டரம்மா, உள்ளங்கை அரிக்கி."

முகம் சிவந்தது. உதடு தடித்தது. பிரஷர் விழுந்தது.

"போடு!"

தொடையில் அட்ரினலினை இறக்கினான். ஆக்சிஜன் வைத்தான், சலைனைத் திறந்துவிட்டான். ஐயோ, போயிடுவாளோ?

பிரஷர் ஏறியது. மூச்சு சீரானது.

"நல்லாப் பண்ணினே" என்றார் மேடம். அவ்வளவுதான்.

அவள் முழுசாகத் தேறியபின், சாயங்காலம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். இந்த முறையும் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சீழை எடுத்தார்கள். கால் தப்பியது.

மறுநாள் வார்டில் மரியபுஷ்பம் குணசீலனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யா, நேத்து எந்த ஊசி எனக்கு ஆகல? போன தடவ யாருக்குமே சொல்லத் தெரியலயே."

அவன் பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்தான். "நீயே சொல்லு" என்றார் மேடம்.

"அந்த ஆன்டிபயாடிக்தாம்மா. அது ஒண்ணுதானே உள்ள போயிருந்துது" என்றான் குணசீலன்.