எவ்வளவு குடுக்கும்?

பெரம்பலூரில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும் மாஸ்டர்தான். பிலோமினாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாஸ்டருக்கு வயது முப்பத்தாறு. அந்த மாதம் சேர்ந்த மாணவர்களில் மூத்தவருக்கு அறுபது முடிந்திருந்தது.

அவர் பெயர் வைரப்பெருமாள். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். பஸ்ஸுக்குள் குனிந்தே நின்றதில் தோள் முன்னால் வளைந்துபோயிருந்தது.

முதல் நாளே கேட்டார்.

“மாஸ்டர், தினம் நூத்திப் பதினாறு கிலோமீட்டர் ஓடணும். கையில மூணு லட்சம் இருக்கு. எந்த வண்டி நல்லா குடுக்கும்?”

“என்ன குடுக்கும்?”

“மைலேஜ்தான்.”

“முதல்ல கிளட்சை மிதிங்க,” என்றார் மாஸ்டர்.

சொல்லிக்கொடுக்கும் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. வைரப்பெருமாளிடம் அதற்கு வேலையே இருக்கவில்லை. துறைமங்கலத்தில் அவராகவே நிறுத்தினார். மூன்று ரோட்டில் நிறுத்தினார். பாலக்கரையில் ஓரம் கட்டி நிறுத்தினார்.

“ஏன் நிறுத்துறீங்க கண்டக்டர் சார்?”

“ஆள் நிக்குதே மாஸ்டர்.”

“நிக்கட்டும். ஏத்திக்கப் போறோமா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பஸ் ஸ்டாப். வெட்கப்பட்டுச் சிரித்தார். நிழற்குடையில் இருந்த ஒரு பெண் நிஜமாகவே கையைக் காட்டிக்கொண்டு வந்தாள்.

“சிறுவாச்சூர் போகுமா?”

“போகாதும்மா, இது லைன் வண்டி இல்ல,” என்றார் வைரப்பெருமாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் தடுமாற்றமே இல்லை.

ஒரு வாரம் போனது. அவர் பார்வை முன்னால் இருந்த சாலைக்கு வரவில்லை. நடுக் கண்ணாடியிலேயே இருந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பின்னால என்ன இருக்கு?”

“படியைப் பார்த்துப் பழகின கண்ணு மாஸ்டர். யாராவது தொங்குறாங்களான்னு பார்க்கும்.”

“அப்ப முன்னால பார்க்கிறது யாரு?”

“அது டிரைவர் வேலை,” என்றவர், தான் சொன்னது காதில் விழுந்ததும் சட்டென்று முன்னால் பார்த்தார்.

பின் சீட்டில் முன்பு ஒருவன் உட்கார்ந்திருந்தது மாஸ்டருக்கு நினைவிருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் பொன்னிவளவன் தன் புது மனைவி மேகலாவை இங்கே கூட்டி வந்து சேர்த்தான். அவள் ஓட்டுவாள். அவன் பின்னால் இருப்பான். வண்டி அணைந்துபோய் அவள் முகம் சிவக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து குரல் வரும். “போலாம், ரைட்!” அப்பாவின் குரல் போலவே சொல்வான். மேகலா சிரித்துவிடுவாள். வண்டி கிளம்பிவிடும். முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினாள். வளவன் வைரப்பெருமாளின் ஒரே மகன்.

திருச்சிக்குப் பக்கத்தில் பாசனத் துறையின் சின்ன ஆபீஸ் ஒன்றில் அவனுக்கு வேலை. போக ஐம்பத்தெட்டு, வர ஐம்பத்தெட்டு. பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாறி, அப்புறம் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பைக்கில் போய் வந்தான். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, மழை பெய்த ஒரு காலையில், சிறுகனூர் தாண்டி ஒரு லாரியில் மோதி இறந்தான்.

அவன் வேலையை மேகலாவுக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதே ஆபீஸ். அதே ரோடு. அது தெரிந்த மறுநாள்தான் வைரப்பெருமாள் மாஸ்டரிடம் வந்து சேர்ந்தார்.

“லைசென்ஸ் மேகலாகிட்ட இருக்கு,” என்றார் மாஸ்டர். “நீங்க எதுக்குக் கத்துக்கிறீங்க?”

“அவ அந்த ரோட்டுல ஓட்ட வேண்டாம். நான் கொண்டுபோய் விட்டுட்டு, கூட்டிட்டு வருவேன்.”

“குழந்தை?”

குழந்தைக்கு மூன்று வயது. குறிஞ்சி என்று பெயர். வைரப்பெருமாளின் மனைவி எப்போதோ இறந்துவிட்டார். வீட்டில் வேறு ஆள் இல்லை.

“அதையும் தூக்கிட்டுப் போவேன். சாயந்தரம் வரைக்கும் ஆபீஸ் வாசல்ல வண்டியிலயே இருப்போம்.”

“தினமுமா?”

“எனக்கு வேற என்ன வேலை மாஸ்டர்?”

மாஸ்டர் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். பிறகு, “ரெண்டாவது கியருக்கு மாத்துங்க. வண்டி திணறுது,” என்றார்.

டெஸ்டில் வைரப்பெருமாள் தேறவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி போனார். இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து மாஸ்டரிடம் சொன்னார். “நல்ல மனுஷன். ஆனா வண்டி முன்னால போகுது, இவர் பின்னாலயே பார்க்கிறார். எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

அதற்குள் மேகலாவின் ஆணை வந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதிக்குள் வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் ஆணை ரத்தாகிவிடும்.

“வேண்டாம்னு எழுதிக் குடுத்திடச் சொல்லப்போறேன்,” என்றார் வைரப்பெருமாள். “என் பென்ஷன் இருக்கு. மூணு வயிறுதானே.”

“அவ என்ன சொல்றா?”

“ஒண்ணும் சொல்லல. அவன் சட்டை எல்லாத்தையும் எடுத்துத் துவைச்சு, இஸ்திரி போட்டு, திரும்ப பீரோவுலயே வச்சிருக்கா.”

மாஸ்டர் சாவியைத் தேடி எடுத்தார். “வாங்க. வண்டி பார்க்கலாம்.”

“லைசென்ஸே இல்லையே?”

“வண்டி பார்க்க லைசென்ஸ் கேட்க மாட்டாங்க.”

பழைய கார்களை நிறுத்தி விற்கும் இடம் புறவழிச்சாலையில் இருந்தது. நடத்துபவர் சாதிக் பாய். மாஸ்டரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

முதல் வண்டி டீசல்.

“எவ்வளவு குடுக்கும்?” என்றார் வைரப்பெருமாள்.

“இருபத்திரண்டு, கண் மூடிட்டு. ஒரே ஓனர். டாக்டர் ஓட்டின வண்டி.”

“ஏன் பாய், நீங்க விக்கிற வண்டி எல்லாம் டாக்டர் ஓட்டினதுதான். ஊர்ல டாக்டரெல்லாம் இப்ப நடந்தா போறாங்க?” என்று கேட்டபடி மாஸ்டர் உள்ளே ஏறி கிளட்சை மிதித்தார். நான்கு முறை மிதித்துவிட்டு இறங்கினார்.

“கல்லு மாதிரி இருக்கு. தினமும் மிதிச்சா முட்டி போயிடும்.”

“என் முட்டி தாங்கும் மாஸ்டர்.”

மாஸ்டர் அடுத்த வண்டிக்கு நடந்தார்.

இரண்டாவது, கேஸில் ஓடும் வண்டி. செலவு பாதிதான் ஆகும் என்றார் பாய். மாஸ்டர் டிக்கியைத் திறந்தார். சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது.

“கேஸ் போட எவ்வளவு நேரம் வரிசையில நிக்கணும்?”

“அரை மணி. சமயத்துல ஒரு மணி.”

“வீட்டுல குழந்தை அழும்,” என்று டிக்கியை மூடினார்.

மூன்றாவது ஒரு சின்ன வெள்ளை பெட்ரோல் வண்டி. ஒன்பது வருடப் பழசு. பின் கதவில் ஒரு கீறல். பதினேழுதான் குடுக்கும் என்றார் பாய், மன்னிப்புக் கேட்பதுபோல. “ஆனா பாடாலூர்ல நின்னாலும் சரி, சமயபுரத்துல நின்னாலும் சரி, இதுக்கு மெக்கானிக் கிடைப்பான்.”

மாஸ்டர் அதைச் சுற்றி வந்தார். டயர்களைக் குனிந்து பார்த்தார். உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு, சீட்டை முன்னால் இழுத்தார். இன்னும் இழுத்தார். ஸ்டீயரிங் நெஞ்சில் முட்டும் அளவுக்கு வந்தது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

வைரப்பெருமாள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவு முன்னால இழுத்தா நான் எப்படி உட்காருறது?”

“மேகலா என்ன உயரம்?”

பாய், டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார்.

“அந்தப் பக்கம் ஏறுங்க சார்.”

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது.

“அவன் கார் வாங்கணும்னு கேட்டான் மாஸ்டர். இதே மாதிரி ஒண்ணுதான், வெள்ளைதான். நான்தான் சொன்னேன், பைக் அறுபது குடுக்குது, இது எவ்வளவுடா குடுக்கும்னு. சரிப்பான்னான். அதுக்கப்புறம் கேட்கவே இல்ல.”

மாஸ்டர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி இருந்தார்.

“சின்ன வயசுலேர்ந்து ஒரு பழக்கம் அவனுக்கு. சைக்கிள் எடுத்தாக்கூட வாசல்ல நிப்பான். நான் ரைட்டுன்னு சொன்னாத்தான் மிதிப்பான். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்தும் அப்படித்தான். பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அன்னைக்கு மழை. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். மழை விடட்டுமேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தலையைத் தூக்காம ரைட்டுன்னேன்.”

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

“அப்புறம் ஒரு வருஷம் சர்வீஸ் இருந்துச்சு. அந்த வார்த்தை வாயில வரல. விசிலை வச்சே ஓட்டினேன். நிறுத்த ஒண்ணு, எடுக்க ரெண்டு. டிரைவர் நாகூர்கனிக்குத் தெரியும். அவர் ஒண்ணும் கேட்டதில்ல.”

“முப்பத்திரண்டு வருஷத்துல நீங்க எத்தனை நாள் பஸ் ஓட்டினீங்க?”

“நான் எங்க ஓட்டினேன்? டிரைவர்தான் ஓட்டினார்.”

“நீங்க?”

“ரைட் குடுத்தேன்.”

“குடுக்காம எடுப்பாங்களா?”

“எப்படி எடுப்பாங்க? குடுக்கிற வரைக்கும் வண்டி நிக்கும்.”

மாஸ்டர் இறங்கிப் போய், வெள்ளை வண்டியையே எடுத்துக்கொள்கிறோம் என்று பாயிடம் சொன்னார்.

பன்னிரண்டாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு மாஸ்டர் அவர்கள் வீட்டுக்குப் போனார். புது ஆள் கையில் பழைய வண்டி, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்ததாகச் சொன்னார். டயர்களில் காற்று சரியாக இருந்தது. ஆயில் சரியாக இருந்தது.

மேகலா வெளியே வந்தாள். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் ஆணை வைத்த தோல் பை. தோல் பை வளவனுடையது. குழந்தையின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

“தாத்தாவைப் படுத்தக் கூடாது. என்ன?”

“ம்,” என்றது குறிஞ்சி.

“மாமா, தயிர் சாதம் பிசைஞ்சு வச்சிருக்கேன். மதியம் அவ தூங்கலைன்னா விட்டுடுங்க. போய் இறங்கினதும் போன் பண்றேன்.”

வைரப்பெருமாள் தலையாட்டினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மேகலா ஏறினாள். சீட் அவளுக்குச் சரியாக இருந்தது. பெல்ட் போட்டாள். வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

கிளம்பவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன. தெருவில் ஒரு தண்ணீர் லாரி வந்து, ஹாரன் அடித்து, ஒதுங்கிப் போனது. அவள் திரும்பவில்லை, கூப்பிடவும் இல்லை.

மாஸ்டர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

வைரப்பெருமாள் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. மறுபடியும் பார்த்தார். குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினார். சட்டைப் பையைத் தொட்டார். அதில் விசில் இல்லை. ஓய்வு பெறும்போது டெப்போவில் ஒப்படைத்திருந்தார்.

“மாஸ்டர்,” என்றார். “பதினேழுதானே குடுக்கும்னாங்க. இன்னும் கொஞ்சம் பார்த்திருக்கலாமோ? வேற வண்டி ஏதாவது?”

“வண்டி குடுக்கிறது இருக்கட்டும் சார்,” என்றார் மாஸ்டர். “அவ நிக்கிறா. நீங்க குடுங்க.”