இரண்டு கதவுக்கு நடுவில்

குரு வயதில் சின்னவள், சிஷ்யை வயதில் மூத்தவள். உலகத்தில் அப்படியும் உண்டு.

சிஷ்யை வடிவுக்கு ஐம்பத்தோரு வயது. குரு, பேராசிரியர் ஜெசிந்தாவுக்கு நாற்பது நிறையவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் வடிவு அக்காதான், ஜெசிந்தாவுக்கும் அப்படியே. வடிவு மட்டும் அவளை மேடம் என்பாள்.

"பேரன் எடுக்கிற வயசுல பிஎச்டியாக்கா?" என்று கூடப் படிக்கிறவர்கள் சீண்டுவார்கள்.

"பாஸ் பண்ணிட்டு எடுத்துக்கறேன்" என்பாள். பேரன் பெற்றுத்தர வீட்டில் யாரும் இல்லை என்பதை அவர்களிடம் சொன்னதில்லை.

முன்னே அவள் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலையில் இருந்தவள். மகள் சுகந்திக்குப் பத்தொன்பது வயதில் காய்ச்சல் வந்து, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை மேலே வைத்துப் பார்த்தவளும் வடிவுதான். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும். அன்றைக்கு எதற்கும் விழவில்லை. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் மயிரிழை அளவு தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததா, பெற்ற வயிற்றுக்குத் தெரிந்ததா, யார் கண்டது.

அந்த மருந்தை ஒன்பது நாள் ஏற்றினார்கள். பத்தாம் நாள் டாக்டர் வந்து, "மருந்து கேக்கலம்மா. கிட்னியும் போகுது. நிறுத்திடலாமா?" என்றார். வடிவு தலையாட்டினாள். மறுநாள் விடிந்தபோது சுகந்தி இல்லை.

அந்தத் தலையாட்டலை ஏழு வருஷமாகச் சுமக்கிறாள்.

மகள் ரத்தத்தில் எடுத்த கிருமியோடுதான் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தாள். கிருமியின் மேல்தோலில் ஒரு புரதம் இருக்கிறது. மருந்தை இறைத்து வெளியே கொட்டுவதே அதன் பிழைப்பு. அதற்கு இரண்டு கதவு. உள்கதவு திறந்து மருந்தை வாங்கும். பிறகு இரண்டும் சாத்திக்கொள்ளும். அப்புறம் வெளிக்கதவு திறந்து மருந்தைத் துப்பும். இரண்டையும் ஒருசேரத் திறந்து வைத்தால் கிருமி பிழைக்காது. அதனால் ஒருநாளும் திறக்காது.

அந்தப் புரதத்தைத் தோலிலிருந்து சோப்பு போட்டுப் பிரித்து, மருந்தோடு சேர்த்துப் படிகமாக்கி, அதன் உருவத்தைப் படம் எடுக்க ஐந்து வருஷம் ஆயிற்று. ஒரு திங்கட்கிழமை காலையில் படம் வந்தது. கதவு இரண்டும் மூடியிருந்தன. நடுவில், அசையாமல், சுகந்திக்கு ஏற்றிய அதே மருந்து.

வடிவு படத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மேடம், உள்ளே உக்காந்திருக்கு பாருங்க."

"அழகா உக்காந்திருக்கு. அஞ்சு வருஷத் தவம் அக்கா. இன்னைக்கு நீங்கதான் பிரியாணி வாங்கித் தரணும்."

வடிவு சிரிக்கவில்லை.

"மருந்து உள்ளேயே தங்கியிருக்கே மேடம். இன்னும் ரெண்டு நாள் போட்டிருந்தா அவ உடம்புலயும் தங்கியிருக்குமோ? நிறுத்துங்கன்னது நான்தானே."

ஜெசிந்தா படத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"வாங்க. செருப்பு மாத்தணும்."

கிருமி வளர்க்கும் அறைக்குப் போகிற வழியில் சின்ன இடைவழி ஒன்று உண்டு. முன்னும் பின்னும் கதவு. ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும். உள்ளே ஆள் நின்று கோட்டு மாட்டி, செருப்பு மாற்றுகிற அளவுதான் இடம்.

இருவரும் நுழைந்தார்கள். பின்கதவு சாத்திக்கொண்டது. முன்கதவின் பொத்தானை ஜெசிந்தா அழுத்தவில்லை. ஃபோனை எடுத்து, கையை நீட்டி, இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தாள்.

"என்ன தெரியுது அக்கா?"

"நீங்களும் நானும் நிக்கறோம். ரெண்டு கதவும் சாத்தியிருக்கு."

"நம்மளத் தெரியாதவங்க இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க?"

"இங்கேயே குடியிருக்காங்கன்னு சொல்வாங்க."

"குடியிருக்கோமா?"

வெளியே காத்திருந்த ஒருத்தி கதவுக் கண்ணாடியைத் தட்டினாள்: "உள்ளே என்ன, விருந்தா நடக்குது? வழி விடுங்கப்பா!"

ஜெசிந்தா அவளுக்குக் கைகாட்டிவிட்டுத் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது.

"படிகத்துல நாம புடிச்சு வெச்சோம், நின்னுது. ஒரு படம் எடுத்தோம். உயிரோட இருக்கற கிருமி மறுநொடியே வெளிக்கதவைத் திறந்து துப்பிடும். சுகந்தி உடம்புல அதை யாரு அக்கா புடிச்சு வெப்பா?"

வடிவு ஃபோனிலிருந்த படத்தைப் பார்த்தாள். அதில் தன் முகம் மகளின் முகம்போல இருந்தது; மூக்கும் நெற்றியும் அப்படியே.

"அப்போ நான் தலையாட்டாம இருந்திருந்தாலும்..."

வடிவு செருப்பு அடுக்கும் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வருஷமாக வராத அழுகை, அந்த நாலடி இடத்தில் வந்தது.

உள்ளே ஆள் வெகுநேரம் நின்றதால் எச்சரிக்கை மணி கத்த ஆரம்பித்தது. வெளியே இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஜெசிந்தா கோட்டோடு தரையில் உட்கார்ந்தாள்.

"மணி அடிக்குது மேடம். எல்லாரும் நிக்கறாங்க."

"நிக்கட்டும். எந்தக் கதவைத் திறக்கணும்னு நீங்க சொல்லுங்க அக்கா. சொல்ற வரைக்கும் நானும் இருக்கேன்."