மூன்றில் இரண்டு

முதலில் மில் நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. அடுத்து போலீஸ் வந்து கொடிக்கம்பத்தைப் பிடுங்கியது. அதன் பிறகு கோர்ட், வாய்தா மேல் வாய்தா போட்டு ஆட்களைக் களைக்கவைத்தது. அதற்கும் பிறகு சொந்த ஆட்களே சங்கத்தை உடைத்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது இந்தக் கம்ப்யூட்டர்.

நூற்பாலைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் இருளப்பன் முதல் நான்கையும் நெஞ்சு நிமிர்த்திப் பார்த்தவர். ஐந்தாவதன் முன்னால்தான் அறுபது வயதில் மாணவராக உட்கார்ந்திருந்தார். கற்றுக்கொடுத்தவள் மரகதவல்லி, அவர் மகளைவிட இளையவள். சங்கத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

இன்று மாலைக்குள் பழைய கணக்கை எடுத்துத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்பாவிட்டால் சங்கத்தின் பதிவே ரத்தாகும். மில் முதலாளி அதற்குத்தான் காத்திருந்தார்.

கணக்கு மென்பொருளை நிறுவி, பழைய கணக்கு இருக்கும் சர்வரோடு இணைக்கும் திரையில் மறுபடியும் சிவப்புக் கட்டம்.

“இணைப்பு தோல்வி! ஒயரை மாத்தியாச்சு, பெட்டியை அணைச்சுப் போட்டாச்சு. இதைச் செஞ்சவனே முதலாளியோட கைக்கூலி. ஏன் டீச்சர் இணைய மாட்டேங்குது?”

டீச்சர் மேசையிலிருந்த சங்கத் துண்டறிக்கையை எடுத்துக் கண்ணை ஓட்டினாள். கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“அது நான் எழுதினது! படிக்காமலேயே போடுறீங்க?”

“தலைப்பைப் படிச்சேனே.”

இருளப்பனுக்குக் காது சிவந்தது. திரையின் பக்கம் திரும்பி, சிவப்புக் கட்டத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். சர்வர் கிடைத்தது. கடவுச்சொல் தவறு.

சாவி ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். கடவுச்சொல்லையும் மூன்று துண்டாக்கி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆளுக்கொன்றாக வைத்திருந்தார்கள். ஒருவர் தட்டும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்க்க வேண்டும்.

“எத்தனை துண்டு அடிச்சீங்க?”

“என்னோடதும் தலைவரோடதும். மூணுல ரெண்டு. பெரும்பான்மை, டீச்சர்! எந்தச் சங்கத்துலயும் செல்லும்.”

“இதுக்கு ஓட்டெடுப்புத் தெரியாது, தோழர். மூணாவது?”

மூன்றாவது பொருளாளரிடம் இருந்தது. வேலைநிறுத்தத்தை யாரைக் கேட்டு முடித்தாய் என்று பொதுக்குழுவில் அவரை மறித்துக் கேட்டவர் அந்தப் பொருளாளர். மறுவாரமே விலக்கப்பட்டார். அந்தப் பெயரை இந்தக் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் இருளப்பன்தான்.

“எல்லாத்தையும் துடைச்சுட்டுப் புதுசா ஏத்த முடியாதா?”

“ஏத்தலாம். பழைய கணக்கும் சேர்ந்து துடைச்சுக்கிட்டுப் போகும்.”

வெளியே கூடத்தில் காலை ஷிப்ட் முடித்தவர்கள் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். இருளப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, அந்த ஆளுக்கு நீங்களே ஒரு போன் போட்டுடுங்க.”

“எந்த ஆளுக்கு?”

“அதான்… அந்தத் துரோகிக்கு.”

டீச்சர் கைபேசியைத் தேடிப் பார்த்தாள். “அப்படி ஒரு பேரு என்கிட்ட இல்லையே.”

“ஊருக்கே தெரியும். என்னை ஏன் சொல்லவைக்கிறீங்க?”

“தீர்மானம் ஊரோடதா, உங்களோடதா?”

உறுப்பினர்கள் முன்னால் நின்று வாசித்தால்தான் அங்கே ஒரு தீர்மானம் ரத்தாகும். இருளப்பன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதினார். கூடத்துக்கு வந்தார். பேச்சு அடங்கியது. சிலர் எழுந்தே நின்றார்கள்.

“விலக்கல் தீர்மானம் ரத்தாகிறது. கணக்கைத் திறந்துதரச் சங்கம் அழைப்பது…”

அடுத்த சொல்லை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

“பின்னால இருக்கிறவங்களுக்குக் கேட்கல, தோழர்,” என்றாள் டீச்சர்.

இருளப்பன் தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

“தோழர் பேச்சித்தாய்!”